சரிவு நிலத்தில் மழைநீரைத் தாங்கி மண்ணரிப்பைத் தடுக்க மட்கு உரம்

பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வெற்று மண்ணில் வந்து மோதுகிறது. அந்த மோதலில் மண்கட்டிகள் உடைகின்றன. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, மேற்பரப்பு ஓடுபோல் இறுகிவிடுகிறது. அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்க வழியின்றி, உடைந்த மண்ணையும் வாரிக்கொண்டு கீழே ஓடுகிறது. அடிவாரத்தில் தடுப்பு கட்டுவதைவிட, துளி விழும் இடத்திலேயே அதன் வேகத்தை மண்மேல் பரப்பிய மட்கு உரப் போர்வை ஒன்றில் அடக்குவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உரத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும். நன்கு மட்கிய உரம் மழை நனைத்த மண்ணின் வாசனையைத் தரும். கிளறிவிட்ட பிறகும் சூடேறாது. ஈரமான ஒரு பிடியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மூன்று நான்கு நாட்கள் கழித்துத் திறக்கும்போது புளித்த நெடியோ அம்மோனியா நெடியோ எழுந்தால் அது இன்னும் மட்கவில்லை. அத்தகைய உரம் இளஞ்செடிகளின் வேரைக் கெடுக்கும். மட்கும் காலத்தில் குவியல் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, பலமுறை புரட்டப்பட்டிருந்தால் களை விதைகள் பெரும்பாலும் மடிந்திருக்கும்.

சல்லடையில் சலித்த மாவுபோன்ற உரம் பாத்திகளுக்கு நல்லது. சரிவில் இட்டால் அதுவே முதலில் அடித்துச் செல்லப்படும். பலரும் செய்யும் தவறு இதுதான். விரல் நீளமுள்ள குச்சிகளும் பட்டைத் துண்டுகளும் கலந்திருக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று பின்னி நீரின் வேகத்தைக் குறைக்க, நுண்ணிய பகுதி நீரை உறிஞ்சி வைத்துச் செடிக்குத் தருகிறது.

பரப்புவதற்கு முன் பெரிய கற்களையும் வேர்க்கட்டைகளையும் அகற்றி, மழை அறுத்த சிறு ஓடைகளை நிரப்பி, சரிவுக்குக் குறுக்காக மண்ணைக் கீறிவிடுங்கள். உரம் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் நீர் போர்வைக்கு அடியில் புகுந்து ஓடும். மிதமான சரிவுக்கு 5 சென்டிமீட்டர் கனம் போதும். அந்தக் கணக்கில் 100 சதுர மீட்டருக்கு 5 கன மீட்டர் உரம் தேவை. 2 மீட்டர் கிடைத்தொலைவுக்கு 1 மீட்டர் உயரும் சரிவைவிடச் செங்குத்தான இடத்தில் உரத்தை மட்டும் நம்பக் கூடாது. மேல் விளிம்பைத் தாண்டிச் சமதளத்திலும் ஒரு மீட்டர் வரை போர்வையை நீட்டுங்கள். இந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டால், மேலிருந்து வரும் நீர் விளிம்பிலேயே போர்வைக்கு அடியில் நுழைந்து முழுவதையும் உரித்துவிடும். அந்த மண்ணுக்குப் பழகிய புல் விதைகளை உரத்தோடு கலந்து தூவினால், உரம் கரைந்து குறைவதற்குள் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

நீர் ஒன்றுதிரண்டு பாயும் ஓடையிலும் வாய்க்காலிலும் இப்போர்வை நிற்காது. அங்கே கல் தடுப்பே ஏற்றது.

சரிவு நீளமாக இருந்தால் குறுக்கே உர வரப்பு போடலாம்: உயரம் 30 சென்டிமீட்டர், அடி அகலம் 60 சென்டிமீட்டர். அது சமமட்டத்தில் அமைய வேண்டும். கண்மதிப்பை நம்பாமல், கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய மட்டக் குழாயால் அளந்து குறியிடுங்கள். வரப்பின் இரு முனைகளையும் சற்றே மேட்டுப்பக்கம் வளைத்துவிட்டால் நீர் ஓரமாகச் சுற்றிப் போகாது. வரப்பு நிலைக்காத இடத்தில் உரம் அடைத்த வலைக்குழாயைத் தரையோடு அழுத்தி வைத்து, 3 மீட்டருக்கு ஒரு முளை அடிக்கலாம்.

இறுகிப்போன சமதளத்தில் 5 சென்டிமீட்டர் உரத்தைப் பரப்பி, மேல்மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை கலந்துவிடுங்கள். களிமண்ணில் இது துகள்களை உருண்டைகளாகச் சேர்த்து நீர் இறங்க வழி திறக்கிறது. மணலில் நீரைப் பிடித்து வைக்கிறது. ஈரக் களிமண்ணைக் கிளறினால் அது மேலும் இறுகும் என்பதால், காய்ந்து பொலபொலக்கும் வரை பொறுத்திருங்கள்.

உரத்திலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் கசியும். பாஸ்பரசு மிகுந்தால் குளத்தில் பாசி பெருகும். எனவே நீர்நிலைக்கு அருகில் சாண உரத்தைத் தவிர்த்து, இலை தழைகளிலிருந்து மட்கிய உரத்தை மெல்லிய கனத்தில் இட்டு, கரையோரத்தில் செடிகள் நிறைந்த ஒரு பட்டையை உரமிடாமல் விட்டுவையுங்கள்.

முதல் கனமழைக்கு மறுநாள் சரிவை மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். வரப்பின் மேற்புறம் படிந்த வண்டல் பாதி உயரத்தை எட்டுமுன் அள்ளிவிட வேண்டும். போர்வையில் எங்கேனும் மண் தெரிந்தால், அங்கே நீர் திரண்டு வந்த வழியை மேலே தேடிக் கண்டுபிடித்து அதைச் சிதறச் செய்த பிறகே புதிய உரத்தை இடுங்கள்.