கடற்கரைக் காற்றும் ரைபிள் ஸ்டாக்கும்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைதூர இலக்குப் போட்டிக்கென்று ரைபிளைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்பவர்கள் குழலையும் ஸ்கோப்பையும் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஸ்டாக்கை மட்டும் படத்தைப் பார்த்து ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். தோளும் கன்னமும் உள்ளங்கையும் ரைபிளைத் தொடுகிற இடம் அந்தக் கட்டைதான் என்பதால் இது எந்த ஊரிலும் தவறு. ராமநாதபுரம் கடலோரத்து மண்டபத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ வீடு இருப்பவருக்கு இந்தத் தவறு இன்னும் கூடுதலாகச் செலவு வைக்கும். ஏனெனில் இங்கே உடம்புக்குப் பொருந்துவது மட்டும் போதாது; ஆண்டு முழுவதும் உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருகிற காற்றுக்கும் ஸ்டாக் ஈடுகொடுக்க வேண்டும்.

முதல் தவறு, அழகுக்காக மரத்தைத் தேர்ந்தெடுப்பது. என்னுடைய முதல் ஸ்டாக் அக்ரூட் மரத்தால் ஆனது. அலையலையான ரேகைகளைக் கண்டு மயங்கித்தான் அதை வாங்கினேன். சித்திரை வெயிலில் மதுரையில் வைத்துப் பொருத்தியபோது, குழலுக்கும் அதன் அடியில் நீளும் முன்கட்டைக்கும் நடுவே இரண்டாக மடித்த பத்து ரூபாய்த் தாள் தங்குதடையின்றி ஓடியது. வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த கார்த்திகையில் அதே தாளை மடிக்காமல் செருகிப் பார்த்தேன். பாதி வழியில் இடது பக்கம் சிக்கி நின்றுவிட்டது. குழலை மரம் ஒரு பக்கமாகத் தொட்டால், சுடும்போது குழலில் எழும் அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. குண்டுகள் விழும் இடமும் நாளுக்கு நாள் நகரும். நான் ஒரு பருவம் முழுவதும் ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரம் ஈரத்தை ஏற்கும்போது நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் உப்புகிறது. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்கட்டை, வறண்ட ஊரிலிருந்து கடலோரத்துக்கு வந்து சேர்ந்தால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். ரேகை நேராக ஓடும் கட்டை ஓரளவு சீராக விரியும். ரேகை சுழித்து ஓடும் கட்டை முறுக்கிக்கொள்ளும். ஆகவே மரம்தான் வேண்டும் என்பவர், முன்கட்டையிலும் கைப்பிடிக் கழுத்திலும் ரேகை நேராக ஓடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய மரத் தகடுகளைப் பிசினால் ஒட்டி அழுத்திய லேமினேட் கட்டை எடை கூடுதல் என்றாலும், ஒற்றை மரத்தைவிட வெகுவாக நிலைத்து நிற்கும்.

பூச்சை வெளியே மட்டும் பூசுவது இதோடு சேர்ந்த பிழை. கழற்றிய ஸ்டாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் படகுத் தச்சர் ஒருவரிடம் காட்டினேன். குழல் படுக்கும் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தவர், “மேல பூசிட்டு உள்ள வாயைத் தொறந்து வச்சிருக்கீகளே தம்பி, மரம் நீர் குடிக்காம என்ன செய்யும்?” என்றார். பள்ளம், திருகுத் துளைகள், தோள் ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் வெட்டுமுகம் ஆகிய மூன்றும் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருந்தன. வெட்டுமுகம்தான் ஈரத்தை எல்லாவற்றிலும் வேகமாக இழுக்கும் என்பது அவருடைய தொழில் அறிவு. அது முற்றிலும் சரி.

படகுத் துறைக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு தவறும் இங்கே எளிதில் நேர்கிறது. ஃபைபர் படகுக்கு ஊற்றும் ரெசினையே ஆக்‌ஷன் (குண்டை ஏற்றிச் சுடும் இயங்குபகுதி) அமரும் படுகைக்கும் ஊற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். படகு வேலையில் பெரும்பாலும் புழங்குவது பாலியஸ்டர் ரெசின். அது இறுகும்போது எபாக்சியைவிடப் பல மடங்கு சுருங்கும். படகின் பக்கச் சுவருக்கு அந்தச் சுருக்கம் பொருட்டே அல்ல. ஆனால் உலோகத்தோடு இம்மியும் இடைவெளியின்றி அமர வேண்டிய படுகையில் அதே சுருக்கம் வேலையையே கெடுத்துவிடும். படுகைக்கென்றே விற்கப்படும் எபாக்சிதான் வேண்டும்.

மரம் வேண்டாம் என்று முடிவு செய்தவர், அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் கட்டையையும் கண்ணாடியிழைக் கட்டையையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. முந்தையதற்கு ஈரம் ஒன்றும் செய்யாது. ஆனால் இருகால் தாங்கியில் சற்று எடை கொடுத்தவுடன் அதன் முன்கட்டை வளைந்து குழலைத் தொடும். நல்ல கண்ணாடியிழைக் கட்டை அப்படி வளையாது. நம் கடற்கரைக்கு என் தேர்வு அதுதான். கட்டைக்குப் பதிலாக வரும் உலோகச் சட்டகமான அலுமினியச் சேசிஸ் துல்லியமானது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதற்குக் கடற்காற்று பொருட்டல்ல என்று எண்ணுவது பிழை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் எஃகோடு உப்பு நடத்திய போராட்டத்தை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். அலுமினியமும் எஃகுத் திருகும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால், திருகைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும்; திருகும் இறுகிக்கொள்ளும். கழற்றித் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவும் பழக்கம் இல்லாதவருக்குச் சேசிஸ் ஏற்றதல்ல.

அளவைப் பொறுத்தவரை, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் கடைவழக்கத்தை நம்பிவிடக் கூடாது. குப்புறப் படுத்துச் சுடுபவருக்குத் தேவைப்படும் நீளமும் மேசையில் அமர்ந்து சுடுபவருக்குத் தேவைப்படும் நீளமும் வேறு. தடித்த சுடும் அங்கி போட்டால் அந்த நீளம் மேலும் மாறும். அதைவிட முக்கியம் கன்னம் படும் மேட்டின் உயரம். பெரிய முன்கண்ணாடி உள்ள ஸ்கோப் உயரத்தில் அமரும். மேடு தாழ்ந்திருந்தால் தாடை மட்டும் கட்டையில் பட, கண் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கும். கோணத்தில் ஒரு நிமிடப் பிழை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 300 மீட்டரில் ஏறத்தாழ 8.7 சென்டிமீட்டர் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். இந்தச் சோதனையைக் குண்டில்லாத ரைபிளில், பாதுகாப்பான திசை நோக்கிச் செய்யலாம். உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மேடே நல்லது.

எடை வரம்பைப் பார்க்காமல் வாங்குவதும் உண்டு. 300 மீட்டர் ரைபிளுக்குப் பன்னாட்டு விதி 8 கிலோ. எஃப்-டிஆர் என்னும் தொலைதூரப் போட்டிப் பிரிவில் தாங்கியும் ஸ்கோப்பும் உட்பட 8.25 கிலோ. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் கேட்கிறது. எனவே பொருத்தும் வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். முடிந்தால் அதை ஐப்பசி, கார்த்திகையில், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது கொடுங்கள். அப்போது மரம் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதைப் பார்த்தே இடைவெளி விடலாம்.