புது மென்பொருள் வந்தாச்சு, பழைய எக்செல் ஏன் போகவில்லை?

ஒரு நிறுவனம் புது மென்பொருளுக்கு மாறி ஆறு மாதம் ஆகியிருக்கும். நிர்வாகத்தைக் கேட்டால் எல்லா வேலையும் அதில்தான் நடக்கிறது என்பார்கள். வேலை பார்ப்பவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வேறு கதை தெரியும். திரையின் ஓரத்தில் ஒரு எக்செல் கோப்பு திறந்திருக்கும். கணக்கை முதலில் அதில் போட்டுச் சரிபார்ப்பார், அப்புறம் புது மென்பொருளில் ஏற்றுவார். மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கை எதிலிருந்து தயாராகிறது என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு எக்செல்லைக் காட்டுவார்.

இதைக் கண்டதும் பல நிர்வாகங்கள் எக்செல்லுக்குத் தடை போடுகின்றன. புது மென்பொருளுக்கு மாறும்போது செய்யும் தவறுகளில், என் கணக்கில் பெரியது இதுதான். அந்தக் கோப்பு உருவானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மென்பொருளில் இல்லாத ஒரு நெடுவரிசை அதில் இருக்கும்: "பாதி சரக்கு வந்தது, மீதி அடுத்த வாரம்" என்பது போல ஒரு குறிப்பு. மென்பொருளிலோ "வந்தது", "வரவில்லை" என்று இரண்டே நிலைகள். நடைமுறையில் மூன்றாவது நிலை தினமும் வருகிறது. தடை போட்டால் அந்தக் குறிப்பு துண்டுக் காகிதத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் இடம் மாறும், பிறகு யார் கண்ணிலும் படாது. கோப்பை வாங்கி, அதில் எந்தெந்த நெடுவரிசை மென்பொருளில் இல்லை என்று பாருங்கள். அடுத்து என்ன திருத்த வேண்டும் என்ற பட்டியல் செலவில்லாமல் கையில் வந்துவிடும்.

மென்பொருள் பயன்படுகிறதா என்று அறிய, தினமும் எத்தனை பேர் லாகின் செய்கிறார்கள் என்று எண்ணுவதும் இதே ரகத் தவறு. லாகினை எண்ணினால் லாகின் செய்வார்கள், அவ்வளவுதான்.

"எங்கள் ஆட்களுக்கு மாற்றமே பிடிக்காது" என்ற புகாரையும் அடிக்கடி கேட்கலாம். அதே ஆட்கள்தான் யாரும் சொல்லித்தராமலே தங்கள் கைபேசியில் புதுப்புது செயலிகளைப் பழகிக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரு கணினி முறையைப் பயன்படுத்துவாரா மாட்டாரா என்பதை 1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு கேள்விகளை வைத்து ஆராய்ந்தார். இது என் வேலைக்கு உதவுமா? இதைப் பயன்படுத்துவது எளிதா? இரண்டில் முதல் கேள்விக்கான பதில்தான் பயன்பாட்டோடு அதிகம் ஒத்துப்போனது. உதவும் என்று நம்பினால் கொஞ்சம் சிரமத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் யாருக்கு உதவும் என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் தகவலை உள்ளிடுபவர் ஒருவர், அதனால் வரும் அறிக்கையைப் பார்த்து மகிழ்பவர் இன்னொருவர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சீடர்ஸ்-சினாய் மருத்துவமனை, மருத்துவர்கள் மருந்துச் சீட்டையும் பரிசோதனை உத்தரவையும் கணினியிலேயே பதியும் முறையை 2002இல் கொண்டுவந்தது. காகிதத்தில் சட்டென்று எழுதிக்கொடுத்த உத்தரவுக்குத் திரையில் பல படிகள் தேவைப்பட்டன. மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவிக்க, சில மாதங்களிலேயே, 2003 ஜனவரியில், அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. கணினியில் பதிந்தால் மருந்துப் பிழைகள் குறையும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கான கூடுதல் நேரத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கணக்கைத்தான் யாரும் சரியாகப் போடவில்லை.

விற்பவர் காட்டும் டெமோவை நம்பி முடிவெடுப்பது இங்கேதான் காலை வாரும். டெமோவில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும், யாரும் ஆர்டரை பாதியில் ரத்து செய்ய மாட்டார்கள். உங்கள் நிறுவனத்தில் மிகக் குழப்பமாகப் போன ஒரு நாளின் பதிவுகளை எடுத்துக்கொடுத்து, "இதை உங்கள் மென்பொருளில் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் மேலாளர்களைவிட அதை தினமும் தட்டச்சு செய்யப்போகிறவர்கள் அதிகம் இருக்கட்டும்.

அடுத்தது, பழைய முறையை அப்படியே கணினிக்குள் தூக்கி வைப்பது. மின்சாரம் வந்த காலத்துத் தொழிற்சாலைகளும் இதைத்தான் செய்தன. நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். எல்லா எந்திரங்களுக்கும் விசையைக் கொண்டுபோகக் கூரையோரம் ஓடிய நீண்ட சுழல்தண்டும் பட்டைகளும் அப்படியே தொடர்ந்தன. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, தொழிற்கூடத்தின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் உற்பத்தித்திறன் பெரிதாக உயர்ந்தது. அமெரிக்காவில் அது 1920களில் நடந்தது. பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் இதை எடுத்துக்காட்டி, கணினியின் பலன் தாமதமாக வருவதும் இதனால்தான் என்று வாதிட்டார். இன்று படிவத்தை பிடிஎஃப் ஆக அனுப்புகிறோம். பெறுபவர் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து திருப்பி அனுப்புகிறார். காகிதம் குறைந்தபாடில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, பணத்தை அதிகம் தின்பதும் அதுதான்: தன் பழக்கம் ஒன்றைக்கூட விடாமல் மென்பொருளை வளைக்கப் பார்ப்பது. ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் எஸ்ஏபி என்ற நிறுவனத்தின் வணிக மேலாண்மை மென்பொருளுக்கு மாறும் திட்டத்தை 2011இல் தொடங்கி, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018இல் கைவிட்டது. லிடில் தன் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கமுடையது. மென்பொருளின் பொது அமைப்போ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை விடாமல் மென்பொருளை மாற்றப்போய்ச் சிக்கல் பெருகியது என்று அப்போது செய்திகள் வந்தன. உங்கள் நடைமுறைகளில் எது சட்டத்தாலோ தொழிலின் தன்மையாலோ தேவைப்படுகிறது, எது வெறும் பழக்கம் என்று வாங்குவதற்கு முன்பே பிரித்துவிடுவது நல்லது. பழக்கத்துக்காக மென்பொருளைத் திருத்தினால், ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்தத் திருத்தத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் ஆசையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, ஒரு நிகழ்வு போதும். அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷே 1999 ஜூலையில் மூன்று பெரிய மென்பொருள்களை ஒருசேர ஓடவிட்டது. குழந்தைகளுக்கு இனிப்பு கொடுக்கும் அக்டோபர் மாத விழாவான ஹாலோவீனின் விற்பனைக்கான ஆர்டர்கள் குவியும் காலம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திணறியது. நாள் குறிக்கும்போது ஆண்டிலேயே வேலை மந்தமாக இருக்கும் மாதத்தைத் தேடுங்கள். தள்ளிப்போனால் அடுத்த மந்தமான மாதம் வரை காத்திருங்கள்.

பயிற்சியையும் பலர் தவறான நேரத்தில் வைக்கிறார்கள். மாறுவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு நாள் முழுக்க, குளிரூட்டிய அறையில். உண்மையான கேள்விகள் மாறிய பிறகு வரும் இரண்டாவது வாரத்தில்தான் எழும். அப்போது பக்கத்து மேசையில் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் அந்த ஒரு நாள் பயிற்சியைவிட அது பலமடங்கு பயன் தரும். அவருடைய வழக்கமான வேலையில் பாதியை வேறு யாருக்காவது கொடுத்துவிட மறக்காதீர்கள்.

பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் விதி இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி தர அமைப்பு 2017லேயே இதை வேண்டாம் என்றுவிட்டது. திருட்டுப்போனதாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போவார்கள்.

பேக்கப் எடுப்பதாக நம்பிக்கொண்டிருப்பது தனிநபர்களும் நிறுவனங்களும் சேர்ந்து செய்யும் தவறு. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பல வகையில் பேக்கப் ஏற்பாடு இருந்தும், வேண்டிய நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. பேக்கப் தோல்வியடைந்தால் எச்சரிக்கும் மின்னஞ்சல்கள்கூட நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேராமல் இருந்திருக்கின்றன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துப் பார்க்காதவரை அது இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சரி, அந்த எக்செல்லை எதுவரை விட்டுவைப்பது? அதை மதிக்க வேண்டும் என்றேனே தவிர, அதன் மேலேயே பாரத்தை ஏற்றச் சொல்லவில்லை. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. 15,841 பேருடைய தொற்று முடிவுகள் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. இடைக்கால ஏற்பாடு எது என்று எழுதிவைத்து, அதன் பொறுப்பாளர் யார், எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். விடுபட்ட நெடுவரிசைகளெல்லாம் மென்பொருளுக்குள் வந்ததும், அந்தத் தேதியில் பழைய கோப்பைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிடலாம்.