பக்கவாதம் அடித்தால் வீட்டில் நடக்கும் பிழைகள்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கையிலிருந்த டம்ளர் நழுவுகிறது, பேச்சு குழறுகிறது. வீட்டில் ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். இன்னொருவர் விசிறுகிறார். “மயக்கம்தான், கொஞ்சம் படுக்கட்டும்” என்கிறார் பெரியவர். மகன் வேலையிலிருந்து வந்து, கார் பிடித்துக் கிளம்புவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது.

கை கால் விழுந்துவிடுவதால், நோயும் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறார்கள். எண்ணெய் தேய்ப்பதும், சில ஊர்களில் புறா ரத்தம் தடவுவதும் இதனால்தான். கோளாறு மூளையின் ரத்தக்குழாயில். பெரும்பாலோருக்கு அது ரத்தக்கட்டியால் அடைபட்டிருக்கும். மற்றவர்களுக்கு வெடித்துக் கசிந்திருக்கும். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

அதனால், மாரடைப்புக்குக் கேள்விப்பட்ட பழக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வாயில் போடாதீர்கள். உள்ளே கசிவு இருந்தால் அது நிலைமையை மோசமாக்கலாம். ரத்த அழுத்தம் 180 காட்டுகிறதே என்று கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரை கொடுப்பதும் தவறு. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடல் அழுத்தத்தை உயர்த்தியிருக்கலாம். திடீரென்று இறக்கினால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறையும். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் சோடாவும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியம் எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் சாவதில்லை. அதனால் ஒரு பயனும் கிடையாது.

கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றிருந்தது. 2008-ல் வெளிவந்த ஆய்வுக்குப் பின் அந்த வரம்பு 4.5 மணி நேரமானது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கிறார்கள். ஸ்கேனில் பொருத்தமாக இருக்கும் சிலருக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். நேரம் இருக்கிறதே என்று நிதானமாகக் கிளம்பலாமா? பெரிய குழாய் அடைபட்ட நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. 108-ஐ அழையுங்கள், ஸ்கேனும் இந்தச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனையைக் கேட்டு நேராக அங்கேயே போங்கள். வழியில் குடும்ப டாக்டரிடம் காட்டிவிட்டுப் போவது மரியாதையாக இருக்கலாம், ஆனால் நேரம் தின்னும்.

“எப்போது தொடங்கியது?” என்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதிலும் ஒரு பிழை நேர்கிறது. “காலை ஆறு மணிக்கு எழுப்பும்போது இப்படி இருந்தார்” என்றால் கணக்கு ஆறிலிருந்து தொடங்காது. அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது இரவு பத்து மணி என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடத்தில் பேச்சும் கையும் தானாகத் திரும்பிவிட்டால் வீடே நிம்மதியடைகிறது. அது எச்சரிக்கை மணி. அடுத்து முழு வாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் அதிகம். அன்றே போக வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. அடைப்பு மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில்தான் வரும் என்பதில்லை, மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் சிரைகளிலும் கட்டி உறையலாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். அந்த நேரத்தில் ‘பச்சை உடம்பு’ என்று தண்ணீரையும் அளந்து கொடுக்கிறோம். உடலில் நீர் வற்றினால் ஆபத்து இன்னும் ஏறும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை, வலிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். தூக்கம் கெட்டதால் வந்த தலைவலி என்று தைலம் தேய்த்து நாள் கடத்துகிறார்கள். நேரத்தில் கண்டுபிடித்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.