குழந்தைக்கு ஃபேக்டர் ஊசி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள குழந்தைக்கு ஃபேக்டர், அதாவது ரத்தம் உறைய உதவும் புரதம், போடச் சொன்னதுமே பெற்றோருக்கு வரும் முதல் பயம், ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்தாயிற்றே, எச்ஐவி மாதிரி ஏதாவது தொற்றிவிடுமோ என்பதுதான். 1980களின் தொடக்கத்தில் அப்படி நடந்தது உண்மை, எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் இந்த மருந்து வழியாகவே ஏராளமானோருக்குப் பரவின. அதன் பிறகு சூடாக்கியும் ரசாயனம் சேர்த்தும் வைரஸை அழிக்கும் முறைகள் வந்துவிட்டன, ரத்தத்தையே சாராமல் மரபணு தொழில்நுட்பத்தில் தயாராகும் ரீகாம்பினன்ட் ஃபேக்டரும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இப்போது கண் வைக்க வேண்டியது இன்ஹிபிட்டர் மேல்.

இன்ஹிபிட்டர் என்பது, உடம்பு ஃபேக்டரை அந்நியப் பொருளாக நினைத்து உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், அது மருந்தை வேலை செய்ய விடாமல் செய்துவிடும். தீவிர ஹீமோபிலியா ஏ (ஃபேக்டர் 8 குறைவான வகை) உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இது வருகிறது, பி வகையில் (ஃபேக்டர் 9 குறைவானது) குறைவு. பெரும்பாலும் ஃபேக்டர் போட்ட முதல் 50 நாட்களுக்குள், அதிலும் முதல் 20-ல்தான் ஆபத்து அதிகம். இது காலண்டர் கணக்கில்லை, மருந்து ஏறிய நாட்களின் கணக்கு. அதனால் ஒரு நோட்டில் தேதி, அளவு, எதற்காகப் போட்டது எல்லாம் எழுதி, குப்பியின் பேட்ச் எண் ஸ்டிக்கரையும் பிய்த்து ஒட்டிவிடுங்கள். இன்ஹிபிட்டர் ரத்தப் பரிசோதனையை ஆரம்பத்தில் அடிக்கடியும், அறுவை சிகிச்சைக்கு முன்பு கட்டாயமாகவும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான டோஸ் போட்டும் வீக்கம் வடியவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றால் நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பி வகைக் குழந்தை என்றால் இன்னொன்று: இன்ஹிபிட்டர் உருவாகும்போது ஃபேக்டர் 9-க்கே கடுமையான ஒவ்வாமை வரலாம், மூச்சுத் திணறல் வரை போகலாம். முதல் 10-20 ஊசிகளையாவது அவசரச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில்தான் போட வேண்டும், வீட்டில் பழகுவது எல்லாம் அப்புறம்.

கலக்கும்போது, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த குப்பியை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, கரைக்கும் நீரைக் குப்பிச் சுவரோரமாக இறங்கவிட்டு, மெதுவாகச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். உறையவிட்ட மருந்தும், கலங்கியோ துகளோடோ இருக்கும் மருந்தும் வேண்டவே வேண்டாம். கையுறை, கை கழுவுதல் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனால் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் ரத்தக்குழாயோடு இணைத்து வைக்கும் கருவி) வைத்திருக்கும் குழந்தைக்கு அதில் சோம்பல் பட்டால் கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும். போர்ட் இருந்து காய்ச்சலும் வந்தால் காத்திருக்காதீர்கள்.

வலிக்கு பாராசிட்டமால் சரி. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கூடாது.

தலையில் அடிபட்டால் குழந்தை ஓடி விளையாடினாலும் சரி, ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் முதலில் ஃபேக்டர், பிறகு மருத்துவமனை. எமிசிஜுமாப் (ரத்தக்கசிவைத் தடுக்க ஃபேக்டர் 8-இன் வேலையைச் செய்யும் ஊசி மருந்து) போட்டுவரும் குழந்தை என்றால் அதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த மருந்து ஏபிடிடி என்ற ரத்தம் உறையும் நேரப் பரிசோதனையின் முடிவைச் சாதாரணம் போலக் காட்டிவிடும், இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு ஃபேக்டருக்குப் பதிலாகத் தரும் சில பைபாஸ் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக்கட்டும் உண்டாகலாம்.