சின்ன ஈவி சார்ஜிங் கம்பெனி ஷேர் வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்

ஈவி (கரண்ட்ல ஓடுற வண்டி) விக்குது, அப்ப சார்ஜிங் ஷேரும் ஏறும்னு நம்பித்தான் பல பேர் உள்ள போறாங்க. அமெரிக்காவோட பிளிங்க் சார்ஜிங்கை எடுத்துக்கோங்க, 2021 ஜனவரில 60 டாலரத் தாண்டுன ஷேர் 2025ல ஒரு டாலருக்கும் கீழ போச்சு, இத்தனைக்கும் அங்க ரோட்ல ஈவி கூடிக்கிட்டேதான் இருந்துச்சு.

முதல்ல வருஷ ரிப்போர்ட்ல வருமானத்தைப் பிரிச்சுப் போட்டிருக்குற பக்கத்துக்குப் போங்க. மெஷின் வித்த காசு ஒரு வரி, சார்ஜிங்ல வந்த காசு இன்னொரு வரி. பிளிங்க்குக்கு 2023ல சுமார் 14 கோடி டாலர் வருமானம், அதுல முக்கால்வாசி மெஷின் வித்தது. மெஷின் ஒரு தடவை வித்தா அவ்ளோதான், அடுத்த வருஷம் மறுபடி ஆள் பிடிக்கணும். அந்த வருஷ நஷ்டம் 20 கோடிக்கு மேல, அதுல கம்பெனிகளை அதிக விலைக்கு வாங்கிப்போட்டு அப்புறம் மதிப்பைக் குறைச்சு எழுதுனதும் சேர்த்தி.

அடுத்து, ஒரு மெஷின் எவ்ளோ ஓடுது? 50 கிலோவாட் மெஷின் நாள் பூரா ஓடுனா 1200 யூனிட், 5 சதவீத நேரம்தான் ஓடுதுன்னா வெறும் 60. இந்த 60 யூனிட் லாபத்துலதான் இடத்துக்கு வாடகை, ரிப்பேர், உச்ச லோடுக்கு கரண்ட் கம்பெனி தனியா போடுற டிமாண்ட் சார்ஜ் எல்லாம் அடங்கணும். "இத்தனை ஆயிரம் சார்ஜர் போட்டுட்டோம்"னு மட்டும் பீத்திக்கிட்டா உஷாராயிடுங்க. 2020 ஆகஸ்ட்ல கல்ப்பர் ரிசர்ச் பிளிங்க் மேல வச்ச குற்றச்சாட்டே சார்ஜர் எண்ணிக்கையை ஊதிக் காட்டுறாங்கன்னுதான் (அவங்க ஷார்ட் செல்லர், ஷேர் விழுந்தா அவங்களுக்கு லாபம், அதையும் மனசுல வைங்க).

எனக்கு எல்லாத்தையும் விட முக்கியம் ஷேர் எண்ணிக்கை. கையில இருக்குற கேஷை ஒரு காலாண்டுக்கு எரியுற காசால வகுங்க, நாலுக்குக் கீழ வந்தா, அதாவது காசு ஒரு வருஷம் கூட தாங்காதுன்னா, புது ஷேர் அடிக்கப் போறாங்கன்னு வச்சுக்கோங்க, உங்க பங்கு சுருங்கும். பிளிங்க்ல 2020 ஆரம்பத்துல 3 கோடிக்கும் கம்மியா இருந்த ஷேர் 2024 முடிவுல 10 கோடிய தாண்டிடுச்சு. 2021 ஜனவரில 41 டாலருக்கு புது ஷேர் வித்து கம்பெனி 20 கோடிக்கு மேல தேத்திடுச்சு, அடிவாங்குனது அதை வாங்குனவங்கதான்.

"பெரிய கம்பெனி வந்து வாங்கிடும்"னு காத்திருக்கீங்களா? வோல்ட்டாங்குற சார்ஜிங் கம்பெனிய 2023ல எண்ணெய் கம்பெனி ஷெல் வாங்குச்சு, ஒரு ஷேருக்கு 86 சென்ட். வோல்ட்டா மார்க்கெட்டுக்கு வந்தது ஒரு ஸ்பாக் (முதல்ல காசு திரட்டிட்டு அப்புறம் ஒரு கம்பெனியை இணைச்சுக்குற வெத்து கம்பெனி) வழியா, அந்த ஸ்பாக்கோட ஷேர் விலை 10 டாலர். சார்ஜர் மெஷின் செய்யுற ஆஸ்திரேலியாவோட ட்ரிட்டியம் 2024ல திவாலாச்சு, அதுக்கப்புறம்தான் நம்ம குருகிராம்ல இருக்குற எக்ஸிகாம் கம்பெனி அந்த பிசினஸை வாங்குச்சு.