ரூட் கடவுச்சொல் கொடுக்காமலே திரையை மாற்றிக்கொள்ளலாம்

எங்கள் வீட்டில் டெபியன் என்ற லினக்ஸ் போட்ட மடிக்கணினி ஒன்றுதான். அதில் மூன்று பேருக்குக் கணக்கு. அப்பாவுக்கு எழுத்து பெரிதாக வேண்டும், தம்பிக்கு வெளி மானிட்டர் வேண்டும். இதற்காக எல்லோரையும் சூடோ குழுவில் (ரூட், அதாவது கணினியின் தலைமை நிர்வாகி, செய்யும் வேலைகளைச் செய்ய அனுமதி பெற்றவர்கள் குழு) சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, சேர்க்கவில்லை. அதற்குத் தேவையே இல்லை.

ஒருகாலத்தில் திரை அமைப்பை மாற்ற எக்ஸ்ஆர்க் கான்ஃப் என்ற கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அது ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு. அப்புறம் திரையைக் கையாளும் நிரலான எக்ஸ் சர்வருக்கு ரேண்டர் என்ற நீட்சி வந்தது. 2007-இல் வந்த அதன் 1.2 பதிப்பிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் திரையிலேயே பல மானிட்டர்களைச் சேர்க்கலாம், திருப்பலாம். நீங்கள் உள்நுழைந்ததும் உங்கள் ஹோம் அடைவில் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) ஒரு சாவிக் கோப்பு விழும். அந்தச் சாவி இருந்தால் எக்ஸ் சர்வர் உங்கள் பேச்சைக் கேட்கும். ரூட்டா என்று விசாரிக்காது.

இனி செய்முறை. நான் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தை வைத்துச் சொல்கிறேன்.

1. எழுத்தைப் பெரிதாக்க

பலரும் ரெசல்யூஷனைக் குறைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. குறைத்தால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். தமிழில் இது இன்னும் மோசம், ‘கி’யா ‘கீ’யா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும். அதற்குப் பதில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், ஃபாண்ட்ஸ் என்று போய், கஸ்டம் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்பதை டிக் செய்யுங்கள். வழக்கமான மதிப்பு 96. அதை 120 ஆக்கினால் எழுத்து கால் பங்கு பெரிதாகும். சில செயலிகளை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். இது அவரவர் ஹோம் அடைவில் பதிவாவதால், அப்பாவின் 120 தம்பியின் கணக்கைத் தொடாது.

2. வெளி மானிட்டர்

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே போதும். பிடிக்காத மாற்றம் என்றால் கையை எடுத்துவிடுங்கள், சில நொடியில் பழையபடி திரும்பிவிடும்.

3. கட்டளை வழி

டிஸ்ப்ளே சாளரம் ஒத்துழைக்காதபோது டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) எக்ஸ்ரேண்டர் என்று தட்டுங்கள். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர், எல்லாம் சின்ன எழுத்து. இணைப்புகளின் பெயர்களும், ஒவ்வொன்றும் தாங்கும் அளவுகளும் வரும். நட்சத்திரக் குறி இருப்பது இப்போதைய அளவு, கூட்டல் குறி இருப்பது மானிட்டரே விரும்பும் அளவு. பிறகு இப்படி (தட்டும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்):

எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --மோட் 1280எக்ஸ்720

இணைப்பின் பெயரைப் பட்டியலில் பார்த்தபடியே தட்டுங்கள். இங்கே ‘சில நொடியில் திரும்பும்’ வசதி கிடையாது. திரை கறுத்தால் கறுத்ததுதான். அதனால் அதே வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டு ஸ்லீப் 15, இன்னொரு அரைப்புள்ளி, பிறகு எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --ஆட்டோ என்று சேர்த்துவிடுங்கள். 15 நொடியில் தானாக மீளும். சரியாக இருந்தால் வாலை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

வெளியேறினால் இந்த மாற்றம் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் செட்டிங்ஸில் செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் திறந்து, ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் அந்தக் கட்டளையைச் சேருங்கள். இதுவும் அவரவர் கணக்கோடு நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: குனோம் போன்ற மேசைத்தளங்கள் எக்ஸுக்குப் பதிலான வேலண்டில் ஓடினால் எக்ஸ்ரேண்டரால் திரையை மாற்ற முடியாது. அங்கே செட்டிங்ஸில் உள்ள டிஸ்ப்ளேஸ்தான் வழி. அதற்கும் கடவுச்சொல் வேண்டாம்.

4. வெளிச்சம்

இது மட்டும் வேறு கதை. பின்னொளியைக் கட்டுப்படுத்தும் கோப்பு சிஸ் அடைவில் இருக்கிறது. ரூட் மட்டுமே எழுத முடியும். அதன் அனுமதியைத் திறந்துவிடச் சொல்வார்கள். மெமரியில் உருவாகும் கோப்பு அது. மறுபடி பூட் செய்தால் அனுமதியும் பழையபடி ஆகிவிடும். எக்ஸ்ரேண்டரின் --பிரைட்னஸ் நிறங்களைத்தான் கறுப்பாக்கும். விளக்கு முழுதாக எரியும், பேட்டரியும் மிச்சமாகாது. பேனலில் பவர் மேனேஜரைச் சேர்த்து அதன் ஸ்லைடரை நகர்த்துங்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்பதாலேயே யாருக்கு எது அனுமதி என்று தீர்மானிக்கும் பாலிசிகிட் அனுமதி கொடுத்துவிடும், ரூட் வேலையை ஒரு சின்ன நிரல் செய்துமுடிக்கும். அப்பா இப்போது ராத்திரியில் என்னை எழுப்புவதில்லை.