பழைய மீன் வண்டியில் டைமிங்கும் எரர் கோடும்: நீங்களே பார்ப்பது எப்படி?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று நம் கடற்கரையில் மீனும் ஐஸும் ஏற்றி ஓடுகிற பழைய வண்டிகள் நிறைய. வண்டி இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது, செக் இன்ஜின் லைட் எரிகிறது என்றால் பலரும் நேராகப் பட்டறைக்குப் போய், சொல்கிற பார்ட்ஸை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். "அண்ணே, சென்சார் மாத்தியும் லைட் அணையலண்ணே" என்ற பேச்சு அப்புறம்தான் வரும். நம் ஊர் உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது சென்சார் அல்ல, அதற்குப் போகிற ஒயரும், பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த்தும்தான். பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் டைமிங்கையும், அதாவது பம்ப் சரியான நேரத்தில் டீசல் தள்ளுகிறதா என்பதையும், ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பதை மட்டும்தான் இங்கே சொல்கிறேன். டைமிங்கை மாற்றி வைப்பதும் பம்பைப் பிரிப்பதும் கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லோடு குறைந்து வண்டி நிற்கிற அந்த நாட்கள் இதற்குத் தோதானவை.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை?

பானெட்டைத் திறந்து டீசல் பம்பைப் பாருங்கள். பம்பிலிருந்து நான்கு இரும்பு பைப்புகள் தனித்தனியாக, சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கிற நான்கு இன்ஜெக்டருக்கும் போனால் அது மெக்கானிக்கல் பம்ப். பழைய டாடா 407 இந்த வகை. இதில் கம்ப்யூட்டர் இல்லை, அதனால் பழுதைச் சொல்லும் எரர் கோடும் இல்லை. பம்பிலிருந்து ஒரு பைப் தடித்த குழாய்க்குப் போய், அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒயர் கப்ளர் மாட்டியிருந்தால் அது காமன் ரெயில். எப்போது டீசல் தெளிக்க வேண்டும் என்பதை அதில் இ.சி.யு. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கையால் திருப்பி வைக்க எதுவும் இல்லை.

டைமிங் லைட் அடித்துப் பார்க்கும் வீடியோக்களைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். அது முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஒயரில் மாட்டுகிற கருவி. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

மெக்கானிக்கல் பம்பில் டைமிங் பார்ப்பது

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் கிராங்க் புல்லியில் கை வைத்திருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பிவிடக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

அடுத்து முதல் சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷனில், அதாவது காற்றை அழுத்தும் சுற்றில், உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் பொதுவாக முதல் சிலிண்டர். வால்வ் கவரைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடுகிற திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். கண் நான்காவது சிலிண்டரில் வால்வை அழுத்தும் ராக்கர்களில் இருக்கட்டும். அங்கே எக்ஸாஸ்ட் வால்வ் மூடி முடியும்போதே இன்லெட் திறக்க ஆரம்பிக்கும். ஒரு ராக்கர் மேலே வர, இன்னொன்று கீழே போகும். அந்த நொடியில் முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கிறது. 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு இது பொருந்தும். உறுதி செய்ய, முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டிலும் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும்.

இப்போது புல்லியிலோ ஃப்ளைவீல் ஜன்னலிலோ பிஸ்டன் உச்சியைக் குறிக்கும் டி.டி.சி. கோடு முள்ளுக்கு நேரே வந்திருக்கும். நம் பக்கத்து வண்டிகளில் அந்தக் கோடு துருவுக்குள் மறைந்து கிடக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் கம்பி பிரஷ்ஷாலும் தேய்த்து, கோட்டின் மேல் சாக்பீஸ் தடவித் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி, டிகிரிக் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

புல்லியை எதிர்த்திசையில் கால் சுற்று பின்னால் கொண்டுபோங்கள். பம்பில் முதல் சிலிண்டர் பைப் மாட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி நன்றாகத் துடைத்த பிறகுதான் நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்புக்குச் சேதம். மணல் காற்று வீசும்போது இந்த வேலையே வேண்டாம். பைப்பை எடுத்துவிட்டு, ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, ஆக்சிலரேட்டர் லீவரை முழுதாக இழுத்துக் கட்டுங்கள். ஹேண்ட் பிரைமரை அடித்துக் காற்றை வெளியேற்றினால் பைப் கழற்றிய வாயில் டீசல் ததும்பி நிற்கும்.

இனி புல்லியை ஓடும் திசையில் மிக மெல்லத் திருப்புங்கள். டீசலின் மேல்மட்டம் அசையாமல் நிற்கும். திடீரென்று லேசாக உப்பும். அதுதான் பம்ப் டீசல் தள்ளத் தொடங்கும் புள்ளி. அங்கேயே நிறுத்தி, முள் எந்த டிகிரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். கியர்களின் இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். மறுபடி கால் சுற்று பின்னால் போய் முன்னோக்கி வாருங்கள். மூன்று முறை பார்த்து, மூன்றும் ஒத்துவந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

அதை உங்கள் இன்ஜினின் மேனுவலில் உள்ள டிகிரியோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் எண் வேண்டாம். ஒரு டிகிரி வித்தியாசத்தை இந்த முறையில் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு டிகிரி தள்ளியிருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி, சொட்டு எண்ணிப் பார்க்கும் ஸ்பில் முறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பின்தங்கினால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப்புகை வரும், பாம்பன் பாலத்து ஏற்றத்தில் இழுவை இருக்காது, சூடும் ஏறும். முன்னேறியிருந்தால் கணீர் கணீரென்று தட்டும் சத்தம் கேட்கும்.

காமன் ரெயில் வண்டியில் கோட் பார்ப்பது

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன பைப் கழற்றும் வேலையை இந்த வகையில் செய்யவே கூடாது. லாரி டயரில் இருப்பது 7, 8 பார் காற்று. இந்த ரெயிலில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். ஓடுகிற இன்ஜினில் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவியும் பார்க்காதீர்கள்.

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால் இ.சி.யு.வுக்குக் கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் சரியா என்று பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே கோட் படிப்பதற்கான 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் புளூடூத் ஸ்கேனரை மாட்டினால் போனில் கோட் தெரியும். 24 வோல்ட் லாரியில் மட்டும் மலிவான ஸ்கேனரை மாட்டாதீர்கள், அது 12 வோல்ட்டுக்கானது. பி.எஸ். 3 என்ற பழைய புகை விதிக்கால வண்டிகளில் சாக்கெட் இருந்தும் பொது ஸ்கேனர் பேசாமல் போகலாம். அதற்கு அந்தக் கம்பெனி ஸ்கேனர்தான் வேண்டும்.

கோட் வந்ததும் அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் கோட் அழிந்துவிடும், அதனால் எழுதிய பிறகே கை வையுங்கள். 'பி' என்று தொடங்குவது இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் 0 என்றால் எல்லா வண்டிக்கும் பொதுவான கோட், 1 என்றால் பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கோட்.

நம் பக்கம் நன்றாகப் பொருந்துகிற உதாரணம் பி0118. கூலன்ட் டெம்பரேச்சர் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். சென்சார் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்தால் இராமநாதபுரத்து உச்சி வெயிலில் மைனஸ் 40 டிகிரி காட்டும். ஒயர் எங்கோ அறுந்ததுபோல் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா? சுத்தம் செய்து மாட்டியும் மாறவில்லை என்றால், அந்த இரண்டு ஒயர் கப்ளரின் இரு முனையையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள். அளவு சட்டென்று உச்சத்துக்கு ஏறினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் பழுது. மைனஸ் 40-லேயே நின்றால் பழுது ஒயரில். புதுச் சென்சார் வாங்குவது வீண்.

கோட் பல சென்சார்களிலிருந்து கலந்து வந்தால் எர்த்தைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவுங்கள்.

பி0016 வந்தால் பிஸ்டனோடு சுற்றும் கிராங்க்கும் வால்வைத் திறக்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டு சென்சார்களின் கப்ளரையும் பாருங்கள். அவை சரியென்றால் டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருக்கலாம். அதற்கு மேல் ஸ்டார்ட்டர் அடிக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். வால்வ் பிஸ்டனில் இடித்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். பி0087 ரெயில் பிரஷர் குறைவு. டீசல் ஃபில்டரையும் அதில் தேங்கிய தண்ணீரையும் முதலில் பாருங்கள். பி0299 டர்போ பிரஷர் குறைவு. அது வந்தால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எரர் கோடுகளை அழித்து, லோடோடு ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அதே கோட் திரும்பினால், எழுதிவைத்த தாளையும் சோதித்த அளவுகளையும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து, மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் ஒயர்க் கட்டின் மேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சொட்டினால் வடிகுழாயில் ஒரு முழம் ஹோஸ் மாட்டி, சேஸிஸுக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.